கையில் கரண்டி, வாயில் பூட்டு

வாயை மூடிக்கொண்டு நிற்கிற வித்தையை வயசான காலத்தில் கற்றுக்கொள்ளக் கூடாது. கற்றாலும் என்னைப் போல இவ்வளவு நன்றாகக் கற்றுவிடக் கூடாது.

காதர்பேட்டையில் பனியன் விற்றவன் நான். பள்ளிக்கூடம் போனதில்லை, வாய்தான் பிழைப்பு. கடையைத் தாண்டுகிறவர் திரும்பிப் பார்த்தாலே போதும், அவர் கேட்கும் முன் அளவு சொல்லி, இழுத்துக் காட்டி, மடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். (வழி கேட்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவர் ஒரு பண்டலோடு போனார். வழியைச் சொன்னேனா என்பது ஞாபகமில்லை.)

மகள் செல்வி கம்பெனிக்குப் போய்விடுவாள். பேத்தி கனிஷ்காவையும் அதே பாணியில்தான் வளர்த்தேன். மூன்று வயது தாண்டியும் குழந்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள் டாக்டர்கள். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல தண்ணி வேணும்னுகூடச் சொல்ல மாட்டாளேப்பா" என்று செல்வி கண்ணைத் துடைப்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போனோம். குழந்தையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா பால் டம்ளரைக் காட்டினா என்ன பண்ணுவீங்கய்யா?"

"குடுத்துருவனுங்க."

"காட்டாட்டி?"

"காட்டறதுக்கு முன்னாடியே குடுத்துருவனுங்க."

"அப்புறம் அவ எதுக்குங்கய்யா பேசோணும்?"

கொடுக்கும் முன் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தேன். டம்ளரைக் கொடுத்தேன். அடுத்த வாரமும் அதே கதை. அதற்குப் பிறகு அவள் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டாள். புத்தி சொன்னால் ஆள் மாற மாட்டான், தினமும் செய்கிற காரியத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போட்டால் மாறுவான் என்று ஆராய்ச்சி பண்ணினவர்கள் கண்டிருக்கிறார்களாம். என் வலது மணிக்கட்டில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினாள். (பனியன் வேஸ்ட்டுக்கு எங்கள் ஊரிலா பஞ்சம்?) எதையாவது கொடுக்கக் கை நீட்டினால் துணி தெரியும். தெரிந்ததும் வாயை மூடி, புருவத்தைத் தூக்கி, குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். சத்தம் வந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நாள் கனிஷ்கா "பா" என்றாள். பாலில் பாதியைத் தரையில் சிந்தியது நான்தான். பிறகு "தா", "ஊத்து" எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் பழக்கம் என்னையும் விடவில்லை. பஸ்ஸில் பணத்தை நீட்டிவிட்டு, கண்டக்டர் முகத்தையே பார்த்து நின்றிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மகனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று அவிநாசியிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் வீடு பார்க்க வந்தார். எங்கள் பக்கம் விருந்தாளி வாய்விட்டுக் கேட்க மாட்டார். "போதுமுங்க" என்று இலையைக் கையால் மறைப்பார். அந்தக் கையையும் மீறி ஊற்றுவதுதான் மரியாதை. கேட்க வைத்தால் உறவே போச்சு.

ரசக் கரண்டியை நீட்டினேன். துணி தெரிந்தது. வாய் பூட்டிக்கொண்டது, புருவம் ஏறிக்கொண்டது.

அவர் இலையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரசம் சொட்டியது.

"அப்பா, ஊத்துங்கப்பா!" என்று செல்வி பல்லைக் கடித்தாள். பொறு என்று அவளுக்குக் கை காட்டினேன். (நடுவில் எடுத்துக் கொடுத்தால் பழகாதாம்!)

பெரியவருக்குக் காது சிவந்தது. சோறு அப்படியே இருக்க, இலையை மூடக் கையை வைத்தார். மகன் கல்யாணம் அந்தக் கையில் இருந்தது. அதற்குள் கனிஷ்கா அவர் பக்கத்தில் போய்க் குந்தி, பயிற்சிக்காரப் பெண் செய்கிற மாதிரியே தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"தாத்தா… ரசம்… கேளு."

மூன்று வார்த்தை சேர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. செல்வியின் கையிலிருந்து அப்பளத் தட்டு விழுந்தது. பெரியவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, இலையை விட்டுவிட்டுக் குழந்தையிடம் குனிந்தார்.

"ரசம் வேணுங்க, அம்மிணி."

"அப்புச்சி, ஊத்து!" என்று என் பக்கம் திரும்பினாள் பேத்தி.

ஊற்றினேன். சோற்றுக்குப் பாதி, அவர் வேட்டிக்குப் பாதி.

பெண் கொடுத்துவிட்டார். கூடவே கதையையும் ஊரெல்லாம் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியில் நான் வாளியைத் தூக்கினாலும் வரிசையே ஒரே குரலில் "ரசம் வேணுங்க!" என்கிறது. சம்பந்திதான் ஆரம்பித்து வைப்பார். பள்ளிக்கூடத்தில் வாயே மூடுவதில்லை என்று பேர் வாங்கியிருக்கிற கனிஷ்கா, பின்னாலேயே வந்து ஒவ்வொருவரையும் திருத்துவாள்:

"இன்னுஞ் சத்தமாச் சொல்லுங்க. அப்பத்தான் அப்புச்சி ஊத்துவாரு."