பை காத்த படலம்

இந்த முறை ஜெயிக்கப்போவது நான்தான். முடிவு செய்துவிட்டேன்! கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த எல்லாப் போட்டியிலும் எனக்கு இரண்டாவது இடம். போட்டியிட்டவர்கள் மொத்தம் இரண்டே பேர்.

மைத்துனன் மகள் கல்யாணத்துக்காக அந்தப் பெரிய நகரத்துக்கு வந்திருந்தோம். கல்யாணம் முடிந்தது. சாயங்காலம் ஊருக்கு ரயில். நடுவில் ஒரு பகல் மிச்சம். பார்க்க இரண்டு அருங்காட்சியகங்கள். ஒன்றில் பழைய கரி என்ஜின்கள். இன்னொன்றில் ராஜா ராணிகள் உடுத்திய உடைகள். இரண்டும் அடுத்தடுத்த காம்பவுண்டுதான். ஆனாலும் ஒன்றைப் பார்க்கத்தான் பொழுது இருக்கும் என்றார்கள்.

நான் லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவன். கரி என்ஜின் என்றால் எனக்கு உயிர். அந்தப் பெரிய சக்கரத்தை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும்! என் மனைவி வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். செத்துப்போன ராணியின் ரவிக்கைக்குக் கொக்கி முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

நேராகக் கேட்டால் தோற்பேன். அதனால் மூளையைக் கசக்கினேன்.

என் மனைவி யாரையும் நம்பிப் பையைக் கொடுக்க மாட்டாள். எங்கள் கல்யாணப் போட்டோவில் மூன்று பேர்: நான், அவள், அவள் பை. லாட்ஜ் மேனேஜரிடம் நைசாக விசாரித்தேன். உடை மியூசியத்துக்குள் பை கொண்டுபோகக் கூடாதாம். வாசலிலேயே ஒப்படைக்க வேண்டுமாம். என்ஜின் மியூசியம் திறந்தவெளி. மூட்டை முடிச்சோடு போனாலும் யாரும் கேட்க மாட்டார்களாம். அறையைக் காலி செய்தாயிற்று. இரண்டு பெரிய பைகளும் எங்களோடுதான் வரும். ஆகா! கடவுளே மேனேஜர் வேஷத்தில் வந்த மாதிரி இருந்தது.

"உன் ஆசைதான் முதல்ல. வா, ராணி டிரெஸ் பார்க்கலாம்" என்றேன் தாராளமாக.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஏன், உனக்கு நல்லது நான் நினைக்கக் கூடாதா?"

"நினைக்கலாங்க. திடீர்னு நினைச்சா பயமா இருக்குல்ல?"

வாசலில் காவலாளி மறித்தார். "பை உள்ள போகாதும்மா. அந்த கவுன்ட்டர்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க."

எனக்குள் சக்கரம் சுழல ஆரம்பித்தது. அவள் கவுன்ட்டர்காரரை விசாரிக்க ஆரம்பித்தாள்.

"நீங்க சாப்பிடப் போனா பையை யாரு பார்த்துப்பாங்க?"

"இன்னொருத்தர் வருவாரும்மா."

"அவரு தூங்கிட்டாருன்னா?"

"அவரு தூங்கவே மாட்டாரும்மா."

"தூங்காத ஆளா? அப்ப இன்னும் மோசம்."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளே பற்களெல்லாம் சிரித்தன. "அடடா! பாவம் நீ. வேற வழியில்ல. பக்கத்துல ஏதோ என்ஜின் மியூசியமாம். பையோட விடுவாங்களாம். எனக்கு அவ்வளவா இஷ்டமில்ல. உனக்காக வேணா வர்றேன்."

அவள் யோசித்தாள். "இல்லைங்க. இவ்வளவு தூரம் வந்தாச்சு. நம்பகமான ஆள்கிட்ட பையை விட்டுட்டு நான் பார்த்துட்டு வந்துடறேன்."

"இந்த ஊர்ல உனக்கு நம்பகமான ஆள் யாரு இருக்கா?"

"உங்களைத் தவிர யாரு இருக்கா?"

மரத்தடி பெஞ்சில் என்னை உட்கார வைத்தாள். ஒரு பையை மடியில் வைத்தாள். இன்னொன்றைக் காலிடுக்கில் செருகி, வாரை என் மணிக்கட்டில் சுற்றினாள். "பாத்ரூம் வந்தா பையோட போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே மறைந்தாள்.

காத்திருந்தேன். ஒரு அம்மா வந்தார். "அண்ணே, இதையும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று தன் கூடையையும் வைத்துவிட்டுப் போனார். என் மூஞ்சியில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறதோ! அந்த அம்மா எல்லாம் பார்த்து முடித்துத் திரும்பி வந்து கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மனைவியைக் காணோம்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் 'கூ...' என்றது. கரி என்ஜின் விசில்! துள்ளி எழுந்தேன். மணிக்கட்டில் சுற்றிய வார் இழுத்து உட்கார வைத்தது. மறுபடியும் 'கூ...'. எந்தப் புண்ணியவான் இழுக்கிறானோ!

ஒருவழியாக அவள் வந்தாள். முகமெல்லாம் பிரகாசம். கன்னத்தில் கரி.

"ஏங்க! ராணி ரவிக்கைக்குக் கொக்கியே கிடையாதுங்க, எல்லாம் நாடா! அப்புறம் பின்பக்கம் ஒரு கதவு. அதைத் தாண்டினா..."

"தாண்டினா?"

"என்ஜின்! ஒரே டிக்கெட்தானாம். சக்கரம் என்னைவிட உசரம். தொட்டுப் பார்த்தேன், ஜில்லுனு இருந்துச்சு! மேல ஏத்தி விசில் சங்கிலியக்கூட இழுக்க விட்டாங்க. உங்களுக்குக் கேட்கட்டுமேன்னு இன்னொரு தடவையும் இழுத்தேன். கேட்டுச்சா?"

"எனக்குத்தான் என்ஜின் பிடிக்கும்னு உனக்குத் தெரியும்ல?"

"நீங்கதான அவ்வளவா இஷ்டமில்லன்னு சொன்னீங்க?" புடவைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்தாள். "காலையில லாட்ஜ் மேனேஜர் சொன்னாருங்க. உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பொறுப்பானவர், எந்த மியூசியத்துல பையை விடுவாங்கன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டாருன்னு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், பை உங்ககிட்டதான் இருக்கணும்னு."

"பையை நீ பிடி. ஒரே ஓட்டம், ஒரே ஒரு என்ஜினைப் பார்த்துட்டு வந்துடறேன்!"

"என்ஜின்தானே? ஸ்டேஷன்ல நமக்காகவே ஒண்ணு புறப்பட நிக்குது. ஓடியாங்க!"

ஓடினேன், இரண்டு பைகளோடும்.