செவ்வாய், வெள்ளி மட்டும் கணினிக்குப் பேயோட்டப்படும்

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்காது. கோயில் திருவிழா எதுவும் இல்லை. கடைவீட்டு மாடியில் கனகராஜ் சாமி கணினிகளுக்குப் பேயோட்டுகிறார். கோலா கங்சாரிலிருந்தும் சிலிம் ரிவரிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். கைலியில் சுற்றிய கணினிப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருஷம் வரை இரவுச் சந்தையில் கைப்பேசி உறை விற்ற கனகராஜுக்கு ஞானம் எந்தக் கிழமை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தாடி வளர்ந்திருந்தது. அது போதும்.

வியாதி எல்லோருக்கும் ஒன்றுதான். கணினி மெதுவாக ஓடுகிறது என்று புது மெமரி வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டியதும் திரை இருண்டுவிடுகிறது. பெட்டி 'கீ, கீ, கீ' என்று மூன்று தரம் கத்துகிறது. பல்லி கத்தினாலே திசை பார்த்துப் பலன் சொல்லும் நாம் பெட்டி கத்தினால் சும்மா விடுவோமா?

சாமி பெட்டியில் காதை வைத்துக் கேட்பார்.

"மூணு கத்தலா? தோட்டத்து முனி. எஸ்டேட்ட வித்து வீடு கட்டிட்டானுங்க, இருக்க எடமில்லாம அலையுது. புதுசா எது கெடச்சாலும் ஏறிக்குது."

பெட்டி திரைச்சீலைக்குப் பின்னால் போகும். உடுக்கை முழங்கும். திருப்புளி திருகும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதல்லவா? மஞ்சள் தண்ணீர் பக்தர்கள் மேல் தாராளமாகத் தெளிக்கப்படும்; பெட்டி மேல் ஒரு சொட்டு விழாது. முனிக்கு அஞ்சாத சாமி மின்சாரத்துக்கு அஞ்சுவார். கால்மணி நேரத்தில் பெட்டி உயிரோடு வெளியே வரும். புது மெமரி மட்டும் வராது.

"அதுலதான் முனி உக்காந்திருக்கு. கிந்தா ஆத்துல விட்டுடுறேன்."

ஆக, மெதுவான கணினியைக் கொண்டுவந்தவர் அதே மெதுவான கணினியைத் தூக்கிக்கொண்டு, காணிக்கையும் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார். இப்படிப் பார்த்தால் ஈப்போவிலேயே அதிக மெமரி இருப்பது கிந்தா ஆற்றில்தான்.

லாரி ஓட்டும் ஐயாவு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் படியேறினார். அவர் மகள் துளசி இரண்டு வருஷமாக வீட்டு உள்ளலங்காரம் படிக்கிறாள். கடைசிப் பணியாக ஒரு வீட்டையே கணினியில் வரைந்து முடித்திருந்தாள். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிக்கு அனுப்பாவிட்டால் ஒரு வருஷம் வீண். ஆனால் படம் பெருத்துப் பெருத்து, பழைய மெமரியில் திறக்கவே மறுத்தது. அம்மா குமுதா புது மெமரி வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஐயாவு தானே மாட்டினார். பெட்டி கத்தியது. தூக்கிக்கொண்டு ஓடினார்.

குமுதா மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக மெமரிப் பலகைகளைச் சோதிப்பவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் சொந்த மனைவிக்குச் சக்தி உண்டு என்று எந்தப் புருஷன் நம்புவான்?

"என்னங்க, புது மெமரி எங்க?" என்றாள் அன்று மாலை, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு.

"ஆத்துல."

"எந்த ஆத்துல?"

"கிந்தாவுல லா. முனி ஏறிடுச்சு. சாமி சொன்னாரு."

"மாட்டுறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. புதுப் பொருளாச்சேன்னு சந்தனம், குங்குமம் வச்சேன்."

"எங்க?"

"தங்கப் பல்லு மாதிரி வரிசையா இருக்கே, அதுலதான். லாரிக்கும் மூஞ்சிலதானே வைக்கிறோம்?"

அந்தப் பல்வரிசை வழியாகத்தான் மெமரியும் பெட்டியும் பேசிக்கொள்ள வேண்டும். வாயை அடைத்துவிட்டு ஊமை என்று ஊரைக் கூட்டியிருந்தார் ஐயாவு. குமுதா சிரிக்கவில்லை. உள்ளே துளசி அழுதுகொண்டிருந்தாள். தோழிகளிடம் இரவல் கேட்கலாம் என்றால் அவர்களுடைய புது மெமரிகளும் கிந்தா ஆற்றில்தான் இருந்தன. வேறு வாங்கலாம் என்றால் குமுதாவுக்குச் சம்பளம் வெள்ளிக்கிழமைதான்.

வெள்ளி மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் குமுதா நேராகப் புந்தோங் கடைவீட்டுக்கு வந்தாள். பின்னால் ஐயாவு பெட்டியோடு, துளசி பையோடு. மாடிக்குப் போகுமுன் கீழே இருந்த உதிரிபாகக் கடையில் நுழைந்தாள். அது சாமியின் மச்சான் விக்னேஸ்வரன் கடை.

"புத்தம் புதுசு அக்கா, நேத்துதான் வந்துச்சு," என்றான் அவன்.

ஆறு மெமரிகளைப் புரட்டிப் பார்த்து, ஏழாவதை வாங்கினாள்.

மாடியில் கூட்டம் நிரம்பியிருந்தது.

"சாமி, செவ்வாக்கெழம எங்க மெமரிய ஆத்துல விட்டீங்களா?"

"என் கையால விட்டேன், தாயி."

"திரும்பி வராதே?"

"ஏழு கடல் தாண்டிப் போயாச்சு. வந்தா நான் தாடிய எடுத்துடுறேன்."

குமுதா பையிலிருந்து மெமரியை எடுத்து உயர்த்தினாள். "ஓரத்துல செவப்புப் புள்ளி தெரியுதா? என் நகப்பூச்சு. சோதிச்சு முடிச்சா புள்ளி வைக்கிறது எங்க வேலைப் பழக்கம். வீட்டுக்கு வாங்கினதுலயும் வச்சேன். இத இப்பதான் கீழ உங்க மச்சான்கிட்ட வாங்கினேன். இதோ ரசீது."

வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்துலேருந்து நீந்தியே வந்துடுச்சு! அற்புதம்!"

சாமி அதையே பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? முனி திரும்பிடுச்சு! மாட்டினா வீடே எரியும்!"

ஐயாவு இரண்டடி பின்வாங்கினார். மணி நான்கு.

"எரியட்டும்," என்றாள் குமுதா.

எல்லோர் கண்முன்னும் பெட்டியைத் திறந்தாள். பொருந்தும் பள்ளத்தைத் தூரிகையால் துடைத்தாள். இரண்டு பக்கப் பூட்டும் 'டக்' என்று விழும்வரை மெமரியை அழுத்தினாள். சாமி வைத்திருந்த கணினித் திரையிலேயே இணைத்துப் பொத்தானைத் தட்டினாள். ஒரே ஒரு 'கீ'. வீடு எரியவில்லை. துளசி வரைந்த வீடுதான் திரையில் எழுந்து நின்றது.

"என் மந்திரத்துல சுத்தமாயிடுச்சு," என்றார் சாமி.

"அப்ப நீங்க தொடாத பொட்டி ஒண்ணு குடுங்க."

வரிசையில் இருந்த சிலிம் ரிவர் முத்தம்மா தன்னுடையதை நீட்டினார். போட்டதும் மூன்று கத்தல். குமுதா அதன் மெமரியைக் கழற்றிக் காட்டினாள். பல்வரிசை முழுக்கச் சந்தனம், நடுவே குங்குமம்.

"இங்க யாரெல்லாம் இப்படி வச்சீங்க?"

ஒரு கை உயர்ந்தது. பிறகு நான்கு. பிறகு படிக்கட்டின் கடைசிப் படி வரை கைகள். ஐயாவின் கையும்தான்.

துளசியின் பையிலிருந்த அழிரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, அழுத்தி மாட்டினாள். ஒரு 'கீ'. திரை வெளிச்சமானது.

கீழே விக்னேஸ்வரன் கடைக்கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பாதிக் கூட்டம் ஆற்றில் போன மெமரியைத் தேடி அங்கே பாய்ந்தது.

"சாமி," என்றார் ஐயாவு, "கத்தரிக்கோல் கொண்டாரட்டுமா? தாடிக்கு."

நாலு நாற்பதுக்கு, சாமியின் பீடத்திலேயே உட்கார்ந்து, கைப்பேசி இணையத்தில் துளசி தன் வீட்டை அனுப்பினாள்.

கிளம்பும்போது முத்தம்மா அந்த அழிரப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்: "தாயி, இத எந்தக் கோயில்ல மந்திரிச்சீங்க?"

"ஸ்கூல் புத்தகக் கடையில, அக்கா."

அடுத்த செவ்வாயன்று குமுதா வீட்டு வாசலில் இரண்டு பேர் எலுமிச்சம்பழத்தோடு நின்றார்களாம்.

மூன்று தரம் கத்தினால் மெமரி சரியாகப் பொருந்தவில்லை என்று ஐயாவின் பெட்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பல்லிக்குப் பலன் புரட்டும் கை அதைப் புரட்டவில்லை. மெமரி வாங்கக் கடைக்கு ஓடுகிறவர்களே, பிறக்கும்போதே ஒன்று உங்கள் தலைக்குள் மாட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் அப்பியிருக்கும் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஒரு தரம் ஓட்டித்தான் பாருங்களேன்.