ஒன்பதாம் வகுப்பில் கண்டங்கள் நகர்கின்றன

பிரியமுள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே இவரும் மகளும் சௌக்கியம். ஒழுகிக்கொண்டிருந்த குழாய்கூடச் சௌக்கியம். நீங்களெல்லாம் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையை விடப்போகிறேன். அத்தான் ஆபீசில் எனக்கு ஒரு இடம் கேட்டு வை. எந்த வேலையானாலும் சரி, அங்கே கரும்பலகை மட்டும் இருக்கக் கூடாது.

இத்தனை வருஷம் குட்டிப் பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்தவளை இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்த அனுப்பினார்கள் இல்லையா, அங்கேதான் வந்தது வினை. முதலில் ஒரு முனகல். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று. நான் வலப்பக்கம் போனால் இடப்பக்கம் கேட்கும், இடப்பக்கம் போனால் வலப்பக்கம். நடுவில் நின்றால் நான்தான் முனகுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் கண்டங்கள் நகர்கின்றன என்ற பாடம். படம் போட்டுவிட்டுத் திரும்பினால் முதல் பெஞ்சு கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது. கண்ணாடி மாற்றுகிற வயசுதானே என்று மறுபடி எழுதினேன். திரும்பினேன். இன்னும் கிட்டே! நான் முதுகைக் காட்டும்போதெல்லாம் அத்தனை பேரும் அரை எழும்பு எழும்பி, பெஞ்சோடு முன்னால் வருகிறார்கள், அக்கா. சத்தம் வராமலிருக்க பெஞ்சுக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மணி அடிக்கும்போது என் முதுகு பலகையில், வயிறு முதல் பெஞ்சில்.

"யார் நகர்த்தினது?" என்று கத்தினேன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய ஒருத்தி எழுந்து, "நாங்க உட்கார்ந்த இடத்துலயேதான் இருக்கோம் மிஸ். கண்டம்தான் நகருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான்!" என்றேன். "இந்த வருஷம் கொஞ்சம் சீக்கிரம் மிஸ்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இவரிடம் சொன்னால், "நீ எதுக்கு முதுகைக் காட்டறே? திரும்பாமலே எழுதிப் பழகு" என்கிறார். சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் காலையில் அந்த வராந்தா முனை திரும்பும்போது அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். என் முகத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பாத்ரூம் கண்ணாடியில் தேடிப் பார்க்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிகிறது. ஹெட்மாஸ்டரிடம் போனேன். "வகுப்பை அடக்கத் தெரியலன்னா எதுக்கும்மா டீச்சரா வந்தீங்க? நாளைக்கு நானே வந்து பாக்கறேன்" என்றார். பார்த்து முடித்ததும் ராஜினாமாவைக் கையில் கொடுத்துவிடுவேன். இது உறுதி.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் அன்பு; அவர்கள் தங்கள் டீச்சரை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்து வை.

இப்படிக்கு,
பலகையோடு ஒட்டிப்போன உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹெட்மாஸ்டர் வந்து போய்விட்டார். முனகல் ஆரம்பித்த உடனேயே, "தள்ளுங்கம்மா. நான் நடத்தறேன், பின்னாடி உட்கார்ந்து கத்துக்குங்க" என்று அத்தனை பிள்ளைகள் முன்னாலும் சொல்லி, சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உலகப் படத்தையே முழுசாகப் போட ஆரம்பித்தார். முன்வரிசைகள் கிளம்பின. பக்கத்திலிருந்தவன் என் காதருகே, "மிஸ், ப்ளீஸ், நம்ம பெஞ்சு மட்டும் நின்னுட்டா மாட்டிக்குவோம்" என்றான். வகுப்பில் ஒற்றுமை முக்கியமில்லையா? நானும் அரை எழும்பு எழும்பி, காலால் ஒரு உந்து உந்தினேன். ஆஸ்திரேலியாவைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் தொப்பை முதல் பெஞ்சில் மாட்டிக்கொண்டது. "யாருடா நகர்த்தினது?" என்று அலறினார். வக்கீலே வாயைத் திறக்கவில்லை. "எதுவும் நகர்ந்த மாதிரி தெரியல சார்" என்று பின்னாலிருந்து வந்த குரல் என்னுடையது.

அத்தானிடம் ஒன்றும் கேட்காதே. அடுத்த வாரம் எரிமலைப் பாடம். இதுகள் என்ன செய்யப்போகின்றன என்று பார்க்காமல் நான் எப்படி வேலையை விடுவது?