தூள் ஓவனில் கருவாட்டுக் குழம்பு

ஆறின சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. இந்த ஒரு குணத்தால் கைக்கு வந்த ஆப்பரேட்டர் வேலை போயிற்று. வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

சந்தாபுரா பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் ஹெல்ப்பராக இருந்தேன். தேய்ந்துபோன இரும்புச் சாமான்கள் வரும். லேசர் சூட்டில் உலோகத் தூளை உருக்கி, மேலே கெட்டியாக ஒரு தோல் போடுவோம். அது சீக்கிரம் தேயக்கூடாது. தொழில் அவ்வளவுதான்.

ஒரு செங்கல் கம்பெனியில் மண் பிசையும் திருகு அடிக்கடி தேய்ந்துபோனது. எங்கள் தோலும் அங்கே நிற்கவில்லை. ஓனர் ராமண்ணா இன்னும் கடினமான துகள் கலந்த புதுத் தூள் வரவழைத்தார்.

"தாஸு, நாளைக்கு அந்தக் கம்பெனி மேடம் வர்றாங்க. சாம்பிள் நீயே போடு. டெஸ்ட்ல நின்னுச்சுன்னா நீதான் ஆப்பரேட்டர்."

மறுநாள் காலையிலிருந்தே தூறல். தூளில் ஈரம் இருக்கக்கூடாது, ஓவனில் காயவைக்க வேண்டும். ஓவன் கதவில் கன்னடத்தில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. நான் கன்னடம் பேசுவேன், படிக்கத் தெரியாது. (தெரிந்திருந்தாலும் வைத்திருப்பேன்.) கீழ்த் தட்டில் தூள். மேல் தட்டில் என் மனைவி ஸ்டெல்லா கொடுத்த டிபன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். ஆவியில் மூடி கழன்று, கருவாட்டுக் குழம்பு தூளில் சொட்டியிருந்தது. சோற்றில் பூச்சி விழுந்தால் அந்தப் பிடியை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவதில்லையா? அதே நியாயம். நனைந்த இடத்தை ஸ்பூனால் வழித்துப் போட்டேன். மிச்சத்தை மெஷினில் கொட்டினேன். டிபனை மறுபடி உள்ளே வைத்தேன். சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகவில்லை.

லேசர் பட்டதும் தூள் பட்பட்டென்று தெறித்தது.

"என்ன ராமண்ணா, மீன் வாசனை வருது?" என்றார் மேடம்.

"லேசர்னா அப்படித்தான் மேடம்" என்றேன் நான். (எட்டாவது ஃபெயில்.)

தோல் முழுக்க ஓட்டை. ஊத்தப்பம் தோற்றது.

சுற்றும் சக்கரத்துக்கும் சாம்பிளுக்கும் நடுவே மணலை விட்டுத் தேய்ப்பதுதான் டெஸ்ட். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் இரும்புத் துண்டையும் தேய்த்தார்கள். அது லேசாகத் தேய்ந்தது. எங்கள் தோல் பாதியிலேயே பெயர்ந்து தரையில் விழுந்தது.

"ஒண்ணும் போடாததே தேவலை போலிருக்கே" என்றார் மேடம்.

தூளைச் சோதிக்கப் போன ராமண்ணா ஓவனைத் திறந்தார். டிபனை வெளியே எடுத்தார்.

"என்னப்பா இது?"

"டிபன்ணா."

"அது தெரியுது. யாருது?"

"என்னுதுதாண்ணா. உங்களுக்கும் சேத்துத்தான் குடுத்திருக்கா."

அவர் திட்டவில்லை. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த வாரம் அதே தூளை ஒழுங்காகக் காயவைத்து மறுபடி போட்டார்கள். தோல் அசையவில்லை. ஆர்டர் கிடைத்தது. போட்டவன் இன்னொரு ஹெல்ப்பர் நாகராஜ். அவன் ஹோட்டலில் சாப்பிடுகிறவன். ஆப்பரேட்டரும் அவனே ஆனான். எனக்கு அந்த வேலை கிடைக்க மேலும் மூன்று வருஷம் பிடித்தது.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"இரும்பு தேயாம இருக்க மேல தோலு போடுறாருங்க. மண்ணு, மணலு எல்லாம் தாங்கும். என் கொழம்பத்தான் தாங்காது."

முழுக் கதையையும் சொன்னாள். சம்பந்தம் பேசி முடிந்தது. நிச்சயதார்த்தத்துக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டோம். கருவாட்டுக் குழம்பு என்றார்கள்.