பக்கத்து வீட்டு லெட்டூஸும் என் வயிற்றெரிச்சலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருசமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். தினமும் பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறவள், பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொறாமைப்பட்டேன் என்று நாலு பேர் படிக்க எழுதுவதா? ஆனால் ஒன்று சத்தியம். ஒரு செடியின் இலையை எங்கள் ஈரத்துணி அண்ணன் மாதிரி தாங்கிய மனுசன் இந்தத் தேனி ஜில்லாவிலேயே கிடையாது. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் தாங்கி நான் பார்த்ததில்லை.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அல்லிநகரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி, பைகளில் லெட்டூஸ் என்கிற, பச்சையாகவே தின்னும் கீரையை வளர்த்தார். பறித்த இலை வாடிவிடக் கூடாதென்று, மேலே போர்த்த எந்நேரமும் தோளில் ஈரத்துணியோடு திரிவார். அதனால்தான் தெரு அவருக்கு ஈரத்துணி என்று பேர் வைத்தது.

எல்லாம் அவருடைய பெங்களூர் மருமகளால் வந்தது. கல்யாணமாகி முதல் தடவை வந்தபோது, மதினி வைத்த நாட்டுக்கோழிக் குழம்பை அவள் தொடவே இல்லை. கையோடு கொண்டுவந்த டப்பாவில் இருந்த லெட்டூஸை மட்டும் மென்றுவிட்டுக் கிளம்பிவிட்டாள். அண்ணன் என்னிடம் வந்து குமுறினார்.

“மருமக என் வீட்டுல கை நனைக்காமப் போயிட்டாளே தங்கச்சி! அந்த எலையவே நான் வெளைய வச்சு அவ தட்டுல போடலேன்னா, இது ஸ்டியரிங் புடிச்ச கையே இல்ல!”

அதுவரை எங்கள் தெருவில் கீரை என்றால் என் வீடுதான். முருங்கை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை என்று எது வேண்டுமானாலும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். லெட்டூஸ் வந்ததும் என் வாசலைத் தாண்டி அவர் மாடிக்கு ஏறினார்கள். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். முருங்கைக்கீரையோடு நின்று யாராவது போட்டோ எடுத்திருக்கிறார்களா? செடிக்குக் காவலாக கோம்பையிலிருந்து ஒரு நாய்க்குட்டி வேறு வந்தது. தெருவே மாடியேறும், அது வாலாட்டும். என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கும்.

எங்க வீட்டுக்காரர் ஒருநாள் அந்த இலையைத் தின்றுவிட்டு, “மொறுமொறுன்னு இருக்குல்ல?” என்றார். இத்தனை வருசத்தில் என் கீரைக்கு அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு, “உப்பு இருக்கு.”

அறுவடை நாளென்றால் அண்ணன் வீட்டில் திருவிழா. விடியும் முன்னே குளித்துவிட்டு மாடியேறுவார். செடியைப் பிடுங்க மாட்டார். வெளிச்சுற்று இலையை மட்டும் அறுத்துக்கொண்டு நடுக்குருத்தை விட்டுவிடுவார். ஐஸ் தண்ணீரில் அலசி, தலையணை உறைக்குள் கட்டி, வாஷிங் மெஷினில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார்.

“ஏங்க, என் சேல ஊறிக்கிட்டுக் கெடக்குங்க!” என்று மதினி கத்துவது எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

“சேல நாளைக்கும் காயும். எலையில ஒரு சொட்டுத் தண்ணி நின்னாலும் அழுகிப்போகும்டி!”

அப்புறம் பருத்தித் துணியில் சுருட்டி, டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் அடுக்குவார். அந்த ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கு இடமில்லாமல் மதினி சட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். நான் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஒரு துணி நனைத்துப் போட எனக்கு ஆளில்லை. அங்கே இலைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். கீரையைப் பார்த்தே பொறாமைப்பட்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மருமகள் மறுபடி வருகிறாள் என்று போன் வந்த வாரம் வெயில் ஏறிவிட்டது. செடி பூக்கத் தண்டு விட்டது. இனி விட்டால் இலை கசக்கும் என்று அண்ணன் அத்தனையையும் அறுத்து அடுக்கினார். மறுநாளே அவர் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. டப்பாக்களைச் சுமந்துகொண்டு என் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தபின் முடியாதென்று எப்படிச் சொல்வது? என் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டேன். உள்ளே பார்த்தவர் பதறினார்.

“தங்கச்சி, இந்த வாழப்பழத்த வெளிய எடு!”

“ஏண்ணே? கோயில் பிரசாதம்ணே. வெளிய வச்சா எறும்பு மொய்க்கும்.”

“பழம் மூச்சு விடும் ஆத்தா. அந்த மூச்சு பட்டா எலையெல்லாம் துருப்புடிச்ச மாதிரி ஆயிரும்.”

“பிள்ளையார் பழம் உங்க எலையக் கெடுக்குதுங்கிறீகளா?”

“அய்யய்யோ, சாமியச் சொல்லல! பழத்தச் சொன்னேன்!”

பிரசாதத்தைத் தள்ளிவிட்டு லெட்டூஸுக்கு இடமா? ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் யோசித்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கனயே சப்பணமிட்டு உட்கார்ந்து, சீப்பு முழுவதையும் உரித்து உரித்துத் தின்ன ஆரம்பித்தார். சர்க்கரை உள்ள உடம்பு!

“போதும்ணே! மதினி என்னயக் கொன்னுருவாக!”

“பிரசாதத்தப் போயி மிச்சம் வைப்பாகளா?” கடைசிப் பழத்தையும் முடித்துத்தான் எழுந்தார்.

அதற்கப்புறம் நான் அடிக்கடி டப்பாவைத் திறந்து பார்த்தேன். கொஞ்சமாவது வாடியிருக்காதா? பறித்த கோலத்திலேயே இருந்தது. அதுவும் எரிச்சல்.

மருமகள் வந்தாள். டப்பாக்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் சில்லென்ற இலைகளைத் தட்டில் பரப்பி, எலுமிச்சை பிழிந்து நீட்டினார். அவள் சிரித்தாள்.

“மாமா, அது அப்போ டயட்டுக்காகச் சாப்பிட்டது. இப்போ விட்டுட்டேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட முருங்கைக்கீரை நல்லா இருக்கும்னு அத்தை சொன்னாங்க. அது கிடைக்குமா?”

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! உச்சி குளிர்ந்துபோனது. அதே சந்தோசத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். மலைப்பாதை வளைவிலெல்லாம் பஸ்ஸைத் திருப்பிய கை, நீட்டிய தட்டின் மேல் ஈரத்துணியைத் திரும்பப் போர்த்தப் போனது.

“முருங்கை இல்ல தாயி,” என்றேன். “நேத்துத்தான் மரத்த வெட்டி விட்டோம், ஒரு கொழுந்துகூட இல்ல. நீ இந்த எலையத் தின்னு பாரு. எங்க தெருவுல இதுக்குத்தான் மவுசு.”

என் வாயால் சொன்னேன்! ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு மேலே, என் முருங்கை தழைத்து ஆடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு முருங்கை மரம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு இலையை எடுத்துக் கடித்தாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் தட்டையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் பிள்ளையாரிடம் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். விளக்கில் ஒரு திரி கூடவே போட்டேன்.

இதை யாருக்காவது சொல்வதானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் வயிற்றெரிச்சலைக் குறைக்கவும் வேண்டாம், அண்ணன் பெருமையைக் கூட்டவும் வேண்டாம். இப்போது அவர் காலிஃபிளவர் போட்டிருக்கிறார். தெருவே மறுபடி மாடியேறுகிறது, எனக்கும் மறுபடி எரிகிறது. ஆனால் விடியலில் அந்த மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்காத அன்றைக்கு எனக்குக் காப்பி தொண்டையில் இறங்குவதில்லை.