பீரோவுக்குள் ஒரு காது

"உங்க மிஸஸ்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று டாக்டர் போனில் கேட்டதும், ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார். மகள் வாங்கி அனுப்பிய, வீட்டில் பேசுவதை எல்லாம் கேட்டுப் பதில் சொல்லும் பேசும் பெட்டி அலமாரியில் நீல விளக்கைச் சிமிட்டியது.

வெள்ளிக்கிழமை அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. மனைவிக்கு ரத்தக்கொதிப்பு, கேட்டால் படுத்துவிடுவாள். பழைய சிநேகிதர்களோடு பத்து நாள் டூர் என்று புளுகி வைத்திருந்தார்.

முப்பது வருஷம் ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டவர் அவர். காதைத் தீட்டியவன் வாயைக் கட்டமாட்டான் என்பது அவருக்குத் தெரியாதா?

பிளக்கைப் பிடுங்கினால் மகள் போன் பண்ணிக் குடைவாள். அதனால் பெட்டியைத் துண்டில் சுற்றி, வயரோடு பீரோவுக்குள் வைத்தார்.

"சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லுங்கள்!" என்று அது உள்ளிருந்து கத்தியது.

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பீரோ ஏங்க பேசுது?"

"தூசி படியுதேன்னு உள்ள வச்சேன்."

இருபது வருஷமாக ஒரு தூசியைத் தட்டாத மனுஷனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். பெட்டியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போனில் ஜாடையாகப் பேசினார்.

"வெள்ளிக்கிழமை என்ஜினைத் திறந்தா, வண்டி மறுபடி ஓடுமா டாக்டர்?"

ஓடும் என்றார் டாக்டர். ஆபரேட்டருக்குப் பயம் போகவில்லை. எந்தப் பயத்தையும் மனைவியிடம்தான் சொல்லிப் பழக்கம். இந்த ஒன்றைச் சொல்ல ஆளில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது பெட்டி வாயைத் திறந்தது. "நினைவூட்டல். வெள்ளிக்கிழமை என்ஜினைத் திறக்க வேண்டும்."

"நம்மகிட்ட சைக்கிள்கூட இல்லையே?" என்றாள் மனைவி.

"சிநேகிதன் வண்டி. ரிப்பேராம்."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "நல்லா பார்த்துச் செய்யச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இனி தாங்காது என்று, அவள் கடைக்குப் போன சமயம் ரிப்பேர்க்காரரை வரவழைத்தார்.

"இது கேட்டதை எல்லாம் அழிச்சிடுங்க. என் ஆபரேஷன் விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது."

ரிப்பேர்க்காரர் தலையைச் சொறிந்தார்.

"அம்மா உங்க ஆபரேஷனைப் பத்தி இதுகிட்ட கேட்டதை எல்லாம் அழிக்கச் சொல்லி போன வாரமே கூப்பிட்டாங்க சார், அவங்களுக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களாமே!"