பஞ்சாமிர்தமும் ஒரு தங்கப்பல்லும்

யோங் பெங் தாண்டியதும் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. செல்லப்பனின் வாயில் தங்கப்பல் ஆடியது.

"அக்கா, ஆடுது."

"எது?"

"பல்லுதான்."

"நாக்கால அமுக்கிக்கடா. சாஆ ஊரு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத," என்றாள் அங்கம்மா.

எல்லாம் அவளால் வந்த வினை. சாஆ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வீரமுத்துக் கங்காணிக்குப் புஷ்பவள்ளி என்று ஒரு மகள். கங்காணியின் தங்கப்பல்லைப் பற்றி அந்த வட்டாரமே பேசும். திருவிழாவுக்குத் திருவிழா அவர் சிரிக்கும் சிரிப்பைப் பார்க்கவே ஆட்கள் வருவார்களாம். "மாப்பிள்ளை எனக்குச் சமதையா இருக்கணும்" என்று அவர் சொல்லி அனுப்ப, அங்கம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "எந்தம்பிக்கும் தங்கப்பல் இருக்கு" என்று பதில் அனுப்பிவிட்டாள்.

தம்பியோ பத்து பாகாட்டில் ருக்னுதீன் ராவுத்தரின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன். வயது முப்பத்தைந்து. இதற்கு முன் பார்த்த பெண் வீட்டார் எல்லாரும் காப்பி கொடுத்து அனுப்பியதோடு சரி. இந்த இடமும் தட்டிப்போனால் இனி தேட ஆள் இல்லை என்று அங்கம்மா சொல்லியே விட்டாள். நிஜமாகத் தங்கப்பல் கட்டுவதற்கு அவன் சம்பளம் காணாது.

கடைத்தெருவில் பல் கட்டும் சீனர் ஆ சோங்தான் ஒரு வழி சொன்னார். விசேஷங்களுக்குப் போகிறவர்களுக்காகவே அவர் ஒரே ஒரு தங்க உறை செய்து வைத்திருந்தார். நடுவில் சின்னதாக ஒரு நட்சத்திரம் வெட்டியிருக்கும். சொந்தப் பல்லின்மேல் அதை மாட்டி, உள்ளே மெழுகு வைத்து அமுக்கிவிட்டால் தீர்ந்தது. வாடகை நாள் கணக்கு.

"ஒட்டுற சாமான் திங்காத லா," என்று எச்சரித்தார் ஆ சோங். "தொலைச்சா முழு வெலை."

ராவுத்தர் கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கே கிளம்பியாயிற்று.

கங்காணி வீட்டு வாசலில் வரவேற்பு பலமாக இருந்தது. ஆனால் ஊரே பேசும் அந்தப் பல்லைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வீரமுத்து தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"பல்வலிங்க," என்று துண்டுக்குள்ளிருந்து முனகினார். "நேத்து சாயங்காலத்துல இருந்து. உக்காருங்க மாப்பிள்ளை."

செல்லப்பன் வாய் நிறையச் சிரித்தான். வந்த வேலையே அதுதானே. கங்காணி குனிந்து அவன் வாயை உற்றுப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நட்சத்திரம்கூட இருக்கு," என்றார் மெல்ல.

அங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து முறுக்கும் அதிரசமும் வந்தன. தட்டைப் பார்த்ததும் செல்லப்பனுக்கு ஆ சோங்கின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான் விரதம்," என்று பட்டென்று சொன்னான்.

"அடடே! வெள்ளிக்கிழமை விரதமா?"

"ஆமாங்க. முருகனுக்கு."

விரதம் பிடிக்கிற மாப்பிள்ளை கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உள்ளே பெண்கள் பேசிக்கொண்டார்கள். கங்காணி தோட்டத்து முருகன் கோயிலுக்கும் தலைவர். அவர் கையைத் தட்டிக் கூப்பிட, புஷ்பவள்ளியே ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

நல்ல பெண். நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் சிரிப்பு இருந்தது. செல்லப்பனுக்கு அப்போதே மனசு போய்விட்டது. பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தான். பஞ்சாமிர்தம். பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசியும் பேரீச்சையும் வெல்லமும் சேர்ந்து கெட்டியாக, பிசினாக இருந்தது.

"வேணாங்க, விரதம்…"

"சாமி பிரசாதத்துக்கு ஏது விரதம்?" என்றாள் புஷ்பவள்ளி. "காலையில முருகனுக்கு அபிஷேகம் பண்ணினது."

முருகனுக்கு விரதம் என்று வாய்விட்டுச் சொன்னவன் முருகன் பிரசாதத்தை எப்படி மறுப்பான்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டான். மெல்லாமல் விழுங்கினான். பஞ்சாமிர்தம் போகும்போது பல்லையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அலமாக்!" என்று தன்னை மறந்து வாயைத் திறந்தான்.

முதலில் கத்தியவர் கங்காணிதான். "பல்லு! பல்லு எங்க?"

"உள்ள போயிடுச்சுங்க."

"உள்ளன்னா?"

செல்லப்பன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

அவனுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. அங்கம்மா அவன் தொடையைக் கிள்ளினாள். "சொந்தப் பல்லுதானே, போனா போகுதுங்க," என்று சமாளித்தாள்.

"போனா போகுதா?" கங்காணி துள்ளி எழுந்தார். "தங்கமாச்சே! அது வந்தே ஆகணும். வர்ற வரைக்கும் மாப்பிள்ளை இங்கருந்து நகரக் கூடாது!"

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வந்தார். அவரிடம் எந்த நோய்க்கும் விளக்கெண்ணெய்தான். ஒரு கிளாஸ் ஊற்றிக் குடிக்க வைத்துவிட்டு, ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழத்தையும் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பெண் பார்க்க வந்த இடத்தில், பெண்ணின் கண்ணெதிரே, சொம்பும் கையுமாக ஓடுவதைவிட ஒரு மனிதனுக்குப் பெரிய அவமானம் இருக்க முடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கங்காணி பின்னாலேயே வந்தார். கையில் ஒரு குச்சி, ஒரு வாளி தண்ணீர்.

"நான் பாத்துக்கிறேங்க மாமா," என்று கெஞ்சினான் செல்லப்பன்.

"உங்களுக்குக் கண்ணு தெரியாது. தள்ளுங்க."

மூன்றாம் நாளும் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. கொல்லைப்பக்கம் சோர்ந்து உட்கார்ந்திருந்தவனிடம் புஷ்பவள்ளி கஞ்சி கொண்டு வந்தாள்.

"அந்தப் பல்லு வராட்டியும் பரவால்லங்க," என்றாள். "அதுக்கு அடியில இருக்கிற பல்லே நல்லாத்தான் இருக்கு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "புஷ்பவள்ளி, அந்தப் பல்லு வந்து…" என்று தொடங்கினான்.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் கங்காணி.

அவரே அதைக் கழுவினார். புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், வெந்நீரில் போட்டு எடுத்தார். வெயிலில் பிடித்து நட்சத்திரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒரு துணியில் முடிந்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"பத்திரமாக் கொண்டு போங்க. தை மாசம் முதல் முகூர்த்தத்துல கல்யாணம். எனக்கு முழுச் சம்மதம்."

இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று செல்லப்பன் வழியெல்லாம் நெகிழ்ந்து போனான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனவன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆ சோங் கடைக்கு ஓடினான். பாக்கி வாடகையைக் கொடுத்தான். நடந்ததைச் சொல்லவில்லை. ஆ சோங் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாஹ், புதுசு மாதிரி இருக்கு லா."

"தவுக்கே, தை மாசம் முதல் முகூர்த்தத்துக்கு இந்தப் பல்லு எனக்கு மறுபடியும் வேணும். எனக்குக் கல்யாணம்."

ஆ சோங் தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு முடியாது. சாஆ வீரமுத்துக் கங்காணி காலையிலேயே வந்து முன்பணம் கட்டிட்டுப் போயிட்டாரு. திருவிழாவுக்குத் திருவிழா அவருதான் எடுப்பாரு. இந்த வெள்ளிக்கிழமைதான் நீ முந்திக்கிட்ட. அவருக்கும் அதே தேதிதான் லா, மகளுக்குக் கல்யாணமாம்."